தக்காளி வாங்குகிற அளவுக்குப் பிரெஞ்சு

ஆலங்குடி பேருந்து நிலையத்தில் கீரமங்கலம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பிரான்சில் படிக்கிற என் மகள் சௌமியாவுக்குப் போன் போட்டேன். வேறொரு பெண் எடுத்தாள்.

அன்று சனிக்கிழமை. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு எடுத்துவிட்டு வந்திருந்தேன். நான் கணக்கு டீச்சர். விரல் இடுக்கில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. பக்கத்துப் பழக்கடையில் அன்னாசித் துண்டுகள் மேல் மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரநெடி மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கை தானாகப் போனைத் தேடுகிறது.

சௌமியா தினமும் தூங்கி எழுந்ததும் ஒரு காபி டம்ளர் படம் அனுப்புவாள். அவளுக்குக் காலை, நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். “உயிரோடுதான் இருக்கிறேன், தொந்தரவு செய்யாதே” என்பதை மரியாதையாகச் சொல்வதற்கு அந்த டம்ளர். அன்றைக்கு டம்ளர் வரவில்லை. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மொத்தம் எத்தனை தடவை போட்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அதை என் மகளே சொல்லி முடித்துவிட்டாள்.

கடைசியில் எடுத்தது ஒரு கரகரத்த, வயதான குரல்.

“அலோ?”

“ஹலோ, ஐ ஆம் சௌமியாஸ் மதர். ஹூ இஸ் திஸ்?”

“ஆ, பா தாங்லே, மதாம். தாங்லே.”

தாங்கலே. என் காதில் அது தமிழாகவே விழுந்தது. யாருக்குத் தாங்கவில்லை? எது தாங்கவில்லை?

“வேர் இஸ் மை டாட்டர்? சௌமியா எங்க?”

நான் போட்ட சத்தத்தில், புறப்படத் தயாராக இருந்த பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். போனில் ஏதோ கருவி ‘பீப் பீப்’ என்றது. தள்ளுவண்டி ஒன்று உருண்டு போனது. சௌமியா தங்கியிருக்கிற அறையில் கருவியும் கிடையாது, தள்ளுவண்டியும் கிடையாது. அப்புறம் அந்தக் குரல், அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல மெதுவாகச் சொன்னது:

“சாவாலே, மதாம். சாவாலே.”

லகர, ளகர வேறுபாடு பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஊரில் யாருக்காவது கடைசி மூச்சு இழுத்துக்கொண்டிருந்தால், வாசலில் நிற்கிறவர்கள் இதே வார்த்தையைத்தான் இதே குரலில் சொல்வார்கள்.

“டீச்சர், என்னாச்சு? இங்கிட்டு வாங்க. ஒக்காருங்க மொதல்ல,” என்று பழக்கடைச் செல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

போன் கொஞ்சம் காத்திருக்கட்டும்

அந்தப் போன் என் காதிலேயே இருக்கட்டும். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது விளங்க வேண்டுமானால், கணக்கு டீச்சரான எனக்குப் பிரெஞ்சு எப்படி வந்தது, அது எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம் போதும். சௌமியா ஒன்பதாம் வகுப்பில் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா போனாள். எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற இடம். நான் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போய், ஒரு பாறையின் நிழலில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமணப் படுக்கைகளைப் பார்த்துவிட்டு இறங்கிய மொத்த வகுப்பும் என்னை வரிசையாக நின்று கும்பிட்டது. “குட் மார்னிங் ஆன்ட்டி” என்று ஒரே குரல். என் மகள் மட்டும் கும்பிடவில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் சௌமியா, நீர் மேலாண்மை படிக்க லியோன் என்கிற ஊருக்குப் போகிறேன் என்று வந்து நின்றாள். பாஸ்போர்ட்டும் விசாவும் அவள் வேலை. பயம் என் வேலை. அங்கே ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம், எந்தப் பாஷையில் கேட்பது? “இங்கிலீஷ்ல பேசுனா போதும்மா, எல்லாருக்கும் தெரியும்,” என்றாள். பிள்ளைகள் பெற்றோருக்குச் சொல்கிற ‘எல்லாருக்கும்’ என்பதன் அளவு எனக்குத் தெரியாதா? எல்லாருக்குமே மார்க் கம்மிதான் அம்மா என்று வீட்டில் போய்ச் சொல்கிற பிள்ளைகளை வைத்துத்தானே நான் சம்பளம் வாங்குகிறேன்.

பிரெஞ்சு படிப்பது என்று முடிவு செய்தேன்.

சந்தையில் ஆரம்பித்து

புதுக்கோட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. ‘பிரெஞ்சு பேசுங்கள், பறந்து செல்லுங்கள்’ என்று பலகை. சனி, ஞாயிறு மாலைகளில் நடக்கும். கீழே குக்கர் வாங்குகிறவர்கள் மூடியைத் தட்டிப் பார்க்கிற சத்தத்துக்கு நடுவே நாங்கள் பிரெஞ்சு உச்சரித்தோம்.

நடத்தியவர் காரைக்கால் பக்கத்து ரெஜினா மேடம். கூடப் படித்தவர்கள் எல்லாம் நர்சிங் முடித்த பெண்களும் ஓட்டல் படிப்புப் பையன்களும். யாருக்கும் பிரான்ஸ் மேல் ஆசை கிடையாது. கனடாவுக்குப் போகப் பிரெஞ்சு தெரிந்தால் மார்க் கூடுமாம். அந்த மார்க்குக்கு மேல் ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள். மகளுக்காக வருகிறேன் என்று நான் சொன்னதும் வகுப்பே என்னை ஆன்ட்டி ஆக்கிவிட்டது.

மேடத்துக்கு ஒரு கொள்கை உண்டு. இலக்கணம் பிறகு, சந்தை முதலில். “ஒரு ஊருக்குப் போனா மொதல்ல வயித்தப் பாக்கணும். வயித்துக்குச் சந்தைக்குப் போகணும். சந்தையில பேசத் தெரிஞ்சா ஊர்ல பேசத் தெரியும்,” என்பார். முதல் பாடம், சந்தையில் காய்கறி. இரண்டாம் பாடம், சந்தையில் பழம். மூன்றாவது சீஸ். அதை நாங்கள் யாரும் சதுர டப்பாவில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை என்பதால், ஓர் ஓட்டல் படிப்புப் பையன் பன்னீர் வாங்கி வந்து மேஜையில் வைத்தான். நான்காவது மீன்.

எல்லாப் பாடமும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். “போன்ழூர், மதாம்.” வணக்கம் சொல்லாமல் ‘தக்காளி அரைக் கிலோ’ என்று கேட்டால், அந்த ஊர்க் கடைக்காரர் காது கேளாதவர் மாதிரி நிற்பாராம். நான் கீரமங்கலம் சந்தையை நினைத்துக்கொண்டேன். அங்கே தக்காளிக்காரருக்கு யாராவது வணக்கம் சொன்னால், அவர் உடனே அக்கம்பக்கம் பார்ப்பார்; ஏதோ வசூலுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைப்பார். நாங்கள் ஆரம்பிக்கிற விதமே வேறு. “என்ன தக்காளி இது, இப்படி வெம்பிக் கெடக்கு?” அவரும், “வெம்புனத வெம்பாதவுக வாங்குவாக, நீங்க போங்க,” என்பார். அதுதான் எங்கள் வணக்கம். அதற்குப் பிறகு இருவரும் சமாதானமாக எடை போட ஆரம்பிப்போம்.

தக்காளியை நிறுத்துக் கொடுத்ததும் கடைக்காரர், “ஏ அவெக் சுசி?” என்று கேட்பார். “இதோட?” என்று மேடம் அர்த்தம் சொன்னார். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கையைத் தூக்கினேன்.

“கொசுறு என்ன வேணும்னு கேக்குறாங்க. சரிதானே மேடம்? நான் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கேட்டுக்கலாமா?”

“இல்லீங்க. இதோட வேற என்ன வாங்கப் போறீங்கன்னு கேக்குறாங்க. காசுக்கு.”

“அப்ப கொசுறுக்குப் பிரெஞ்சுல என்னங்க?”

மேடம் அகராதியைப் புரட்டினார். செல்போனைத் தட்டினார். “அங்க அப்படிப் பழக்கம் இல்லீங்க,” என்று முடித்துவிட்டார். கனடா போகிறவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர்களுக்குக் கொசுறுக்கு மார்க் கிடையாது.

வீட்டில் ஒரு கடைக்காரர்

என் வீட்டுக்காரருக்குக் கீரமங்கலத்தில் தேங்காய் மண்டி. காலையிலிருந்து மாலை வரை விலை பேசுகிற மனிதர். பேசிப் பழக வீட்டில் வேறு ஆள் இல்லாததால், அவரைப் பிரெஞ்சுக் கடைக்காரர் ஆக்கினேன். சாப்பாட்டு மேஜையில் நான்கு தக்காளியை வைத்துவிட்டு எதிரே நின்றேன்.

“போன்ழூர், மொஸ்யே.”

“போன ஊரா? எந்த ஊருக்குப் போன?”

“வணக்கம்னு அர்த்தங்க. நீங்களும் திருப்பிச் சொல்லணும்.”

“சொல்லியாச்சுன்னு வச்சுக்க. தக்காளி எவ்வளவுன்னு கேளு.”

“செ கோம்பியான்?”

“ஐம்பது.”

“செ த்ரோ ஷேர்.”

“ஷேர் ஆட்டோ எதுக்கு? நாலு தக்காளி, கையிலயே தூக்கிட்டுப் போயிரு.”

விலை ரொம்ப அதிகம் என்று அர்த்தம் என்றேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி. நாப்பத்தஞ்சு. நீ என்ன தர்ற?” அங்கே பேரம் கிடையாது, சும்மா பெருமூச்சு விடுகிற மாதிரி இதைச் சொல்லிவிட்டுக் கேட்ட காசைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நான் விளக்கியபோது, அவர் முகம் மாறியது. யாரோ தெரிந்தவர் நஷ்டப்பட்டது மாதிரி வருத்தப்பட்டார்.

கொசுறு விஷயத்தையும் அப்போதே சொல்லித் தொலைத்தேன்.

“கொத்தமல்லிக்குக் காசு வாங்குற ஊர்லயா பிள்ளைய விட்டு வச்சிருக்கோம்?” என்றவர் அன்றைக்கு இரண்டாம் சோறு வாங்கவில்லை.

மீன் பாடம் வந்த வாரம், மீமிசலில் அவர் பங்காளி வீட்டுக் காதுகுத்து. போன இடத்தில் மீன் இறங்குகிற பக்கம் போனேன். ஈரச் சாக்கில் பெரிய சீலா மீன்களைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பாடத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். “எல் எ ஃப்ரெஷ்?” அது புதுசா? பிரெஞ்சிலும் ஃப்ரெஷ்தான், அந்த வரைக்கும் நல்லது. “ஆந்தியேர், ஊ ஆன் மொர்ஸோ?” முழுசாகவா, துண்டாகவா? உதடு அசைந்துவிட்டது போலிருக்கிறது.

“ஏத்தா, மீனுக்கா மந்திரம் ஓதுற?” என்றார் அந்த அம்மா. “அது செத்து நேரமாச்சு. எந்திரிக்காது. வாங்குறதுன்னா வாங்கு.”

வாங்கினேன். வாங்கும்போது செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். பிரெஞ்சுப் பாடத்தில் செவுளைத் தூக்குவது இல்லை. ‘ஃப்ரெஷ்ஷா?’ என்று கேட்க வேண்டும்; ‘ரொம்ப ஃப்ரெஷ்’ என்று அவர் சொல்ல வேண்டும்; நம்ப வேண்டும். மீன்காரர் வார்த்தையை நம்புகிற தேசம் எப்படித்தான் பிழைக்கிறதோ.

நடக்காத பாடம்

மீனுக்கு அடுத்த பாடம் மருத்துவமனை. நான் அதற்காகத்தானே சேர்ந்ததே. மேடம் ஒரு மனித உடம்புப் படத்தை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியிருந்தார். தலை, கை, வயிறு என்று அம்புக்குறிகள் போட்டிருந்தன. பெயர்களை வகுப்பில் எழுதிக்கொள்ளலாம் என்று அம்புகளின் நுனியை வெறுமையாக விட்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை போனால் மாடிக் கதவு பூட்டியிருந்தது. குக்கர் கடைக்காரரிடம் கேட்டேன். “தெரியாதாங்க? கனடா விசா வந்துருச்சுல்ல அவுகளுக்கு,” என்றார். அதற்குள் குழுவில் செய்தி வந்திருந்தது. இத்தனை நாள் எல்லோரையும் பறக்கச் சொன்னவர் தானே பறந்துவிட்டார். மாணவர்கள் வரிசையாகக் கைதட்டுகிற படம் போட்டார்கள். நானும் போட்டேன். வேறு என்ன செய்ய? வாழ்த்தாவிட்டால் நன்றாக இருக்காது.

ஆக, என் பிரெஞ்சு மீன் கடையோடு நின்றுவிட்டது. தக்காளி வாங்குவேன். விலை அதிகம் என்று பெருமூச்சு விடுவேன். மீனை முழுசாகவோ துண்டாகவோ கேட்டு வாங்குவேன். வலி, காய்ச்சல், ரத்தம், உயிர் எல்லாம் அந்தப் படத்தில் வெறும் அம்புகளாகவே இருந்தன.

மறுபடியும் பேருந்து நிலையம்

செல்வி கையில் ஒரு சோடாவைத் திணித்தாள். போனில் அந்தக் குரல் இன்னும் “அலோ? அலோ, மதாம்?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வைத்துவிடப் போகிறாள் என்று தோன்றியது. வைத்துவிட்டால் எனக்கு அந்த நாட்டில் வேறு ஆளே இல்லை.

என்னிடம் என்ன வார்த்தை இருக்கிறது என்று தேடினேன். இருந்ததிலிருந்து ஆரம்பித்தேன்.

“போன்ழூர், மதாம்.”

“போன்ழூர், மதாம்!” என்றது குரல். அதில் ஒரு வெளிச்சம் வந்தது போலிருந்தது. அரை மணி நேரமாக விடாமல் அடிக்கிற போனை வேறு வழியில்லாமல் எடுத்தவளுக்கு, கடைசியில் ஒரு நாகரிகமான மனுஷி கிடைத்துவிட்டாள்.

“ழெ வுத்ரே மா ஃபீய், சில் வூ ப்ளே.”

எனக்கு என் மகள் வேண்டும், தயவுசெய்து. பாடத்தில் தக்காளி இருந்த இடத்தில் மகளைப் போட்டேன். ‘மா ஃபீய்’ பழப் பாடத்தில் வரும்; இந்தப் பழம் என் மகளுக்கு என்று. அந்த வரியை மட்டும் நான் மறந்ததில்லை.

அவள் நிறையச் சொன்னாள். மழை பெய்வது போலச் சொன்னாள். அதில் ஒரு துளிகூட எனக்கு விளங்கவில்லை. காயும் இல்லை, பழமும் இல்லை, கிலோவும் இல்லை. நேராகக் கேட்பது ஒன்றுதான் வழி. உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க வேண்டும். உயிருக்கு வார்த்தை இல்லை. அதற்குப் பக்கத்தில் என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

“மா ஃபீய்... எல் எ ஃப்ரெஷ்?”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாயிற்று. “த்ரே ஃப்ரெஷ், மதாம்! த்ரே, த்ரே ஃப்ரெஷ்!”

ரொம்ப ரொம்ப ஃப்ரெஷ். மீன்காரர்கள் எல்லோரும் சொல்வதுதான். என் பிள்ளையின் செவுளைத் தூக்கிப் பார்க்க அங்கே எனக்கு ஆள் ஏது? கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். வேறு கேள்வி இருந்திருந்தால் அதைக் கேட்டிருப்பேன்.

“ஆந்தியேர்... ஊ ஆன் மொர்ஸோ?”

முழுசாக இருக்கிறாளா, துண்டாகவா?

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. என்ன கேட்கிறேன் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பது போலச் சொன்னாள்.

“ஆந்தியேர், மதாம். ஆந்தியேர்.”

முழுசு. முழுசாக இருக்கிறாள். நான் ஸ்டூலில் சாய்ந்தேன். சாய்ந்து முடிப்பதற்குள் அவள் இன்னொன்றையும் சேர்த்தாள். உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டும் என்று நினைக்கிற ஜாதி மனுஷி போலிருக்கிறது.

“மொவான்... அன் ப்த்தி மொர்ஸோ.”

மொவான் என்றால் குறைவாக. ப்த்தி என்றால் சின்ன. மொர்ஸோ என்றால் துண்டு. ஒரு சின்னத் துண்டு குறைவாக!

“எந்தத் துண்டு?” என்று கத்தினேன். தமிழில்தான். “எந்தத் துண்டுங்க? கையா? காலா? அய்யோ, எந்தத் துண்டு?”

“டீச்சர்,” என்று செல்வி என் தோளைத் தொட்டாள். “இந்த நேரத்துல போன்ல மீனா வாங்குறீங்க?”

பஸ் ஏற வந்தவர்கள் சுற்றி நின்றுவிட்டார்கள். “என்ன பாஷைங்க அது?” என்றார் ஒருவர். “சவுதி,” என்றார் தெரிந்தவர். “யாரோ தவறிட்டாக போல,” என்று ஓர் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். போனில் மறுபடியும் “சாவாலே, சாவாலே” என்று கேட்டது. பின்னால் ஏதோ புரண்டது. துணி உரசியது. அப்புறம், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல்.

“அம்மா... ஏம்மா அந்தப் பாட்டியப் போட்டு இந்தப் படுத்து படுத்துற?”

சோடா பாட்டில் கையிலிருந்து உருண்டு எங்கோ போனது.

குடல்வால். முதல் நாள் ராத்திரி வயிற்றுவலி வந்து, தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். காலையில் சின்னதாகத் துளை போட்டு எடுத்துவிட்டார்களாம். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் தூங்கிக்கொண்டிருந்தவளின் போன் விடாமல் அடித்திருக்கிறது. அடுத்த கட்டில் பாட்டிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“அவங்க மொதல்லயே தாங்கலேன்னு சொன்னாங்களேடி.”

“பா தாங்லே. இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லியிருப்பாங்கம்மா.”

“அப்புறம் சாவாளேன்னாங்க.”

“அம்மா, என்னைச் சிரிக்க வைக்காத. தையல் வலிக்குது. சா வா அலே. எல்லாம் சரியாப் போயிரும்னு அர்த்தம்.”

“ஆபரேஷனுக்கு யாரு கையெழுத்துப் போட்டது?”

“நான்தான்.”

எங்கள் ஊரில் ஒருவருக்குக் கட்டி கீறுவதென்றாலும் ஒரு வேன் ஆள் வருவார்கள். நாலு பேர் டாக்டரிடம் போவார்கள், நாலு பேர் டீ வாங்கப் போவார்கள், கையெழுத்தை யார் போடுவது என்று இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியே போவார்கள். என் மகள் தன் வயிற்றைத் திறக்கத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள்.

“ஏன்டி எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா நீ பஸ் புடிச்சு வந்து குடையோட நிப்பேல்ல? அதான் அப்பாட்ட மட்டும் சொன்னேன்.” நாக்கு குழறியது. “முடிஞ்சதும் சொல்றேன்னு அவர்ட்டச் சொல்லியிருந்தேன்ம்மா. நீயே சொல்லிரு. எனக்குத் தூக்கம் வருது.”

மண்டியில்

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அடித்தது, எடுக்கவில்லை. கீரமங்கலம் பஸ் வந்ததும் ஏறினேன். வழியெல்லாம் அவரிடம் கேட்க வேண்டியதைச் சேகரித்துக்கொண்டே போனேன். எந்தச் சந்தைப் பாடத்திலும் வராத வார்த்தைகள்.

மண்டியில் தேங்காய் உரிக்கிற ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். பச்சை மட்டை வாடை கனமாக நின்றது. குவியலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் நான் கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ் முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் என் முகத்தையே பார்த்தார்.

சேகரித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

“நல்லா இருக்கா,” என்றேன். “இப்பத்தான் பேசுனேன்.”

உட்கார்ந்துவிட்டார்.

“போன் பண்ணேனே, எடுக்க வேண்டியதுதானே?”

“ஒம் பேரு வந்துச்சு. பயந்து வச்சுட்டேன்.”

“எப்பத்துல இருந்து தெரியும்?”

“காலையில. நீ குளிச்சுக்கிட்டு இருந்தப்ப பேசுச்சு.”

“ஒரு வார்த்தை சொல்றதுக்கென்னங்க? நான் என்ன எதிரியா?”

“அம்மாட்டச் சொல்லாதீங்கன்னுச்சு பிள்ளை. நீ பாடம் நடத்துறப்ப மயங்கி விழுந்துட்டா அங்கிட்டு யாரு தூக்குறது?”

அப்போதுதான் அவர் நெற்றியைக் கவனித்தேன். வேர்வையில் வழிந்த விபூதி, நடுவில் காய்ந்துபோன குங்குமம். ஆயுத பூஜைக்கு மண்டியில் சூடம் காட்டுவதோடு சாமியிடம் கணக்கை முடித்துக்கொள்கிறவர் அவர்.

“கோயிலுக்குப் போனீங்களா?”

“பிள்ளையார் கோயிலுக்கு. ஆபரேஷன் நம்ம மதியத்துக்குன்னுச்சு. அதுக்கு முன்னாடி பிள்ளை பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணேன். அப்படியே அந்த டாக்டரம்மாவுக்கும் ஒண்ணு.”

“டாக்டருக்கு எதுக்குங்க?”

“வெட்டப் போறது அவுகதானே? பிள்ளைக்கு மட்டும் பண்ணி என்ன செய்ய?”

“பேரு தெரியுமா?”

“சொல்லுச்சு. எனக்கு வாயில நொழையல. டாக்டருன்னே வச்சுக்கிறேன்னாரு குருக்கள். ஆனா நட்சத்திரம் இல்லாம முடியாதுன்னுட்டாரு. அந்த ஊரு அம்மாவுக்கு நட்சத்திரத்துக்கு நான் எங்க போவேன்?”

“அப்புறம்?”

கீழே கிடந்த தேங்காய் நார் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார்.

“அனுஷம்னேன்.”

அனுஷம் என் நட்சத்திரம்.

“கத்தியக் கையில வச்சிருக்கவுகளுக்கும் ஒன்ன மாதிரி பிள்ளைய நெனச்சுக் கொஞ்சம் பயம் இருக்கட்டும்னுதான்,” என்றார்.